விம்பிள்டன் விகாரைக்குப் போன விரதகாரர்

ஒக்டோபர் 9, வியாழன்

மத்தியானம் மகள் தாரகா வேலையிடத்திலிருந்து போன் எடுத்தாள். "அம்மா, இருபத்தாறாம் தேதி ஞாயிறு ஆர்தித்தின்ரை அம்மா உங்களைக் கோயிலுக்கு வரட்டாம். அப்பாவையும்தான்." நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். பிறகு கனநேரம் ஃபிரிஜ்ஜைத் திறந்தபடி நின்றேன். ஒன்றும் எடுக்கவில்லை, கேக் துண்டைத் தவிர.

கோயில் என்றால் எங்கள் கோயில் இல்லை. விம்பிள்டனில் இருக்கிற தாய்லாந்துப் புத்த கோயில். நாங்கள் லண்டனுக்கு வந்த காலத்திலேயே இருந்த பழைய கோயில். உள்ளே சுவர் முழுக்கப் புத்தரின் கதையைச் சித்திரமாகக் கீறி வைத்திருக்கிறார்களாம், தூர இடங்களிலிருந்தும் சனம் வந்து பார்க்குமாம். மோர்டனில் எங்கள் வீட்டடியில் பஸ் ஏறினால் கிட்டத்தான். இத்தனை வருசமாக அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காதவள் நான். இப்போது சம்பந்தி கூப்பிடுகிறா.

சம்பந்தி! எழுதிவிட்டேன். அவர் கண்டால் வீடு இரண்டாகும்.

அவர் என்றால் என்ரை மனுசன், சண்முகராசா. டிரைவிங் படிப்பிக்கிறார். ஆர்தித் என்ற தாய்லாந்துப் பொடியனைக் கட்டப் போறன் என்று தாரகா யூன் மாதம் சொன்னாள். அன்றிலிருந்து மகளோடு ஒரு சொல் கதைத்ததில்லை. "அவளிட்டைச் சொல்லு, காருக்கு எம்ஓடி சோதனைத் தவணை முடியுது." "அப்பாட்டைச் சொல்லுங்கோ, செய்தாச்சு." நடுவில் சம்பளமில்லாத டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நான்.

ஜனவரியில் கலியாணப் பதிவு. "அப்பா வந்தாலும் சரி, வராட்டிலும் சரி," என்று இன்றைக்கும் சொன்னாள். கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

ஒக்டோபர் 11, சனி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் செவன் கிங்ஸில் இருக்கிற சிநேகிதி பெனிற்றாவுக்குச் சொல்லிப்போட்டேன்.

"புத்த கோயிலோ?" குரலைத் தாழ்த்தினாள். "பொடியன்... எங்கடை நாட்டுச் சிங்களமோ?"

"இல்லையடி, தாய்லாந்து."

"அப்பாடா! சாப்பாடு நல்லது."

இவளுக்கு உலகத்துச் சனம் முழுக்கச் சாப்பாட்டுக் கடையாலதான் அடையாளம். ஒருத்தருக்கும் சொல்லாதை என்று மூன்று தரம் சொன்னேன். பின்னேரம் வெம்பிளியிலிருந்து மச்சாள் எடுத்து, "சீனாக்காரரோ?" என்று கேட்கிறாள்.

பழைய மாணவிகள் சங்கத்தில் வருசாவருசம் ஊராரைப் பற்றிப் பகிடி எழுதி வாசிக்கிறவள் நான். இந்த முறை பகிடியே நான்தான்.

ஒக்டோபர் 13, திங்கள்

அவரைக் கேட்டேன். "நான் வரேல்லை," என்றார். தேத்தண்ணி முடியுமட்டும் டிவியையே பார்த்தார். பிறகு, "ஆர் கூப்பிட்டது?"

"பொடியன்ரை தாய். உங்களை முக்கியமா எதிர்பார்க்கினமாம்."

'முக்கியமா' நான் போட்ட உப்பு. மனுசன் இரண்டு சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். போர்த்திய பொன்னாடைகள் அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க அடுக்கி இருக்கின்றன. என்னுடைய சுவெற்றருக்குத்தான் இடமில்லை.

"வாறன். சித்திரத்தைப் பார்ப்பன், திரும்பி வருவன். ஒருத்தரோடையும் கதைக்கன்."

அதுவே பெரிய வெற்றி.

ஒக்டோபர் 16, வியாழன்

காலண்டரைப் பார்த்தேன். முருகா!

ஒக்டோபர் 17, வெள்ளி

இருபத்தாறாம் தேதி கந்தசஷ்டி விரதம். ஐந்தாம் நாள். இவர் ஆறு நாளும் விரதம். பின்னேரம் ஒரு கோப்பை பால், அவ்வளவுதான். சைவக்காரி, ஐம்பத்தைந்து வயசு, காலண்டர் பார்க்காமல் ஓம் சொன்னேனே! எனக்குப் புத்தி எங்கே போனது?

தாரகாவுக்குச் சொன்னேன். "அம்மா! ஆன்ரி மூண்டு நாள் லீவு போட்டுச் சமைக்கிறா. அப்பாவுக்காக எல்லாம் மரக்கறி!" அன்றைக்குப் பிக்குகளுக்கும் சாப்பாடு கொடுக்கிறாவாம், நாள் மாற்ற ஏலாதாம்.

சமைத்து வைத்தவளுக்கு முன்னால் போய் மனுசன் கையை மடக்கிக்கொண்டு இருந்தால் அவ என்ன நினைப்பா? தன் கைச் சாப்பாட்டை அருவருக்கினம் என்றுதானே? விரதம் என்றால் சாட்டு என்றுதானே நினைப்பா? பிள்ளையின்ரை வாழ்க்கை ஒரு கோப்பைப் பாலில வந்து நிக்குது.

ஒக்டோபர் 22, புதன்

விரதம் தொடங்கியாச்சு. முதல் நாளே பசிக் கோபத்தில் இவர் கத்த, டிரைவிங் பழக வந்த ஒரு பிள்ளை ரவுண்டபவுட்டில் அழுததாம்.

ஒக்டோபர் 25, சனி

மூன்று சாரி கட்டி அவிழ்த்தேன். தாய்லாந்து வணக்கம் யூரியூப்பில் பார்த்துப் பழகினேன். கண்ணாடியில் எனக்கு நானே வணக்கம் சொல்ல, அதற்கும் ஒரு மரியாதை கிடைக்கவில்லை.

இன்னொரு பயம். காவி உடுப்பைக் கண்டால் இவருடைய முகம் எப்படிப் போகுமோ? எங்களுக்கு ஊரில் பட்ட பழைய பயங்கள் இருக்கு. அந்தத் தாய்க்கும் அவவின்ரை பிக்குகளுக்கும் அதில் ஒரு பங்கும் இல்லை. தெரியும். தெரிந்தும் பயம் பயம்தான்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

முடிந்தது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

இன்றைக்கு இங்கே குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற நாள். போன் தானாக மாறும். ஆனால் இவர் குசினி மணிக்கூட்டைத்தான் நம்புவார். நானும் சாரி மடிப்பு எடுக்கிற பதற்றத்தில் கவனிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் முந்தி, கூரையில் டிரைவிங் பழக்குகிற 'எல்' பலகையோடு, கோயிலடியில் போய் இறங்கினோம். தாரகாவும் இல்லை, பொடியனும் இல்லை. பெரிய சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்ன மனுசி மட்டும் எதிரே வந்தா.

"தாரகா மம்மி?"

மாலி. ஆர்தித்தின் அம்மா. என் தோளுக்கும் வரமாட்டா. இவவுக்கா இத்தனை நாள் பயந்தேன்? பழகின வணக்கம் மறந்துபோய், "ஹப்பி தீபாவளி" என்றேன். அவவும் "ஹப்பி, ஹப்பி" என்றா.

சட்டியை வைத்துவிட்டு, சித்திரம் இருக்கிற வெள்ளைக் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அதற்குள் இந்த மனுசன் ஜக்கெற், சுவெற்றர், சேட் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் பிடித்தபடி, நல்லூர்க் கந்தசாமி கோயில் வாசலில் நிற்கிறமாதிரி வெறும் மேலோடு நிக்கிறார்! ஒக்டோபர்க் குளிர். ஐந்து நாள் விரதத்திலும் அசையாத வயிறு. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சோடி திடீரென்று முகட்டை ஆராயத் தொடங்கியது.

"ஐயோ, சேட்டைப் போடுங்கோப்பா!"

"என்ன விசர்க்கதை? கோயிலுக்குள்ள சேட்டோட போறதே?"

மாலி கண்ணை விரித்தா. பிறகு தன் தோளில் கிடந்த நீளச் சால்வையை எடுத்து, எட்டி, அவருடைய இரண்டு தோளையும் மூடிப் போர்த்தி, கைகூப்பினா. அங்கே உடம்பை மூடுவதுதான் மரியாதை என்று தாரகா பிறகு சொன்னாள். பாவம் மனுசி, அவசரத்துக்கு மானத்தை மூடினா.

இவர்? நெஞ்சை நிமிர்த்தி, கைகூப்பி, தலையைத் தாழ்த்தி, படம் எடுக்கிறவனைத் தேடுகிறமாதிரி ஒரு பக்கம் திரும்பினார். பொன்னாடை என்று நினைத்துவிட்டார்! நான் வாயைத் திறக்கவில்லை. என் சீவியத்தில் அப்படி நடந்தது குறைவு.

உள்ளே போனால் சுவரே தெரியவில்லை, சித்திரம்தான். ஒரு பக்கம் அரண்மனைகள். சனக்கூட்டத்துக்குள் இந்தக் காலத்து உடுப்போடும் ஆட்கள். ஒரு சுவரில் ஒரே படை: யானை, ஈட்டி, கோரப் பல்லு, எண்ண முடியாத கைகள். இவர் அதற்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இஞ்சேர், சூரன்!"

"மாரா," என்றா மாலி. புத்தரைக் குழப்ப வந்த அசுரனாம்.

"நோ, நோ. திஸ் சூரன். முருகன் ஃபைட்டிங்."

"ஃபைட் நோ. புத்தா சிட் ஒன்லி."

"சிட் ஒன்லி? வேல் நோ?"

மாலி குனிந்து ஒரு விரலால் நிலத்தைத் தொட்டுக் காட்டினா. புத்தர் அப்படித் தொட்டாராம். பூமாதேவி மாதிரி ஒருத்தி வந்து தலைமயிரைப் பிழிய, வெள்ளம் வந்து படை முழுக்க அள்ளுப்பட்டுப் போனதாம். இவர் கனநேரம் பார்த்தார். "சும்மா இருந்தே வெண்டவரோ... எங்கடை ஆள் கொஞ்சம் அவசரக்காரர்," என்று தனக்குள் சொன்னார்.

பிறகு மாலிக்கு எங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஒருத்தரோடையும் கதைக்கன் என்று வந்த மனுசன்! சூரன் தலையை மாத்தி மாத்தி வந்தது, கடைசியில் மாமரமாக நின்றது. தானே இரண்டு கையையும் உயர்த்தி மரமாக நின்றார். சால்வை ஒரு பக்கம் சரிந்தது. அந்த இடத்தில் ஆங்கிலம் முடிந்துவிட்டது. "ட்ரீ... ட்ரீ..." மாலி கவலையோடு, "கார்டின்?" என்றா.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் தாரகாவும் ஆர்தித்தும். அவள் தகப்பனைப் பார்த்தாள். வெறும் நெஞ்சு, தாய்லாந்துச் சால்வை, மாமரம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது.

"பிள்ளை, மரம் ரெண்டாப் பிளந்தது எண்டதுக்கு இங்கிலிசில என்ன?"

நான் கண்ணைத் திறந்தேன்.

"ஸ்பிளிட், அப்பா."

"ஆ, ஸ்பிளிட்! ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். சொல்லு இவவுக்கு."

அவள் சொன்னாள். இரண்டாம் வசனத்தில் குரல் போய்விட்டது, ஆர்தித் முடித்துவைத்தான். அவனுக்கு ஏற்கனவே கதை தெரிந்திருக்கிறது, கள்ளன்! நான் மற்றச் சுவருக்குப் போய் என்னவோ ஒரு குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குதிரை தெளிவாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம். "ஃபாஸ்டிங்," என்றார் இவர். மாலி முகம் கறுக்கும் என்று பார்த்தால், பெரிய மரியாதையோடு கைகூப்பினா. "மங்க் ஆல்சோ. ஆஃப்டர் டுவெல்வ், நோ ஈட்." அவவுக்கு அது புது விசயமே இல்லை! "யூ வென் ஈட்?" "டியூஸ்டே." தலையாட்டி மனதில் வைத்துக்கொண்டா. வீட்டு மானத்துக்காக இவருடைய பங்கையும் நான் சாப்பிட்டேன். தியாகம்.

வரும் வழியில், "பிள்ளையோட கதைச்சிட்டியள்," என்றேன்.

"ஆர் கதைச்சது? ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டனான். அகராதியைப் பார்த்தால் அகராதியோட கதைக்கிறதோ?"

அதற்குப் பிறகு வீடுமட்டும் ஒரு சொல் இல்லை. ஆக, ஒன்றும் மாறவில்லையோ? பிழைத்தது என்று சந்தோசப்பட்டது என் விசரோ?

ஒக்டோபர் 27, திங்கள்

சூரன்போர். எங்கள் கோயிலில் இவர் கண்ட ஒருத்தரையும் விடவில்லை. "விம்பிள்டன் தாய்லாந்து மக்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிச்சவை." தாரகாவின் மெசேஜ்: "ஆன்ரியின்ரை சால்வை அப்பாட்டையோ?" என்னத்தை எழுத? சால்வை ஏற்கனவே அலுமாரித் தட்டில், எல்லாவற்றுக்கும் மேலே.

ஒக்டோபர் 28, செவ்வாய்

விரதம் முடிக்கிற பாறணைக்கு விடியவே எழும்பிப் பூசணிக்காய்க் கறி, பருப்பு, அப்பளம் எல்லாம் வைத்தேன். இலை போடுகிற நேரம் மணி அடித்தது. தாரகா, வேலைக்குப் போகிற உடுப்போடு. வாசல்படி தாண்டாமல் ஒரு பெட்டியை நீட்டினாள். "ஆன்ரி தந்தவ. இண்டைக்கு அப்பா சாப்பிடுற நாளாம்."

தேங்காய்ப்பால் விட்ட ஒட்டுச் சோறு. மேலே ஒரு மாம்பழம், நடுவால் இரண்டாகப் பிளந்து, ஒன்றையொன்று பார்க்கிறமாதிரி வைத்து.

இவர் குனிந்து பார்த்தார். தோள் குலுங்கியது. யூனுக்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். "சூரனையே பிளந்து அனுப்பியிருக்கிறா!" விரதம் முறித்தது அந்த மாம்பழத்தால். என் பூசணிக்காய் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவளிட்டைச் சொல்லு—" என்று என் பக்கம் திரும்பியவர் நிறுத்தினார். எழும்பி உள்ளே போனார். நல்ல சரிகைப் பொன்னாடை ஒன்று, சங்கத்தின் பதினைந்தாம் ஆண்டு விழாவில் போர்த்தியது, அதைக் கொண்டுவந்து மகளின் கையில் வைத்தார்.

"மாலியம்மாவுக்கு. வாங்கிக்கொண்டு மட்டும் வாறது அழகில்லை."

"சரி அப்பா."

"சீற் பெல்ற்றைப் போட்டுக் காரை ஓடு."

மகளோடு இரண்டு தரம் நேரே கதைச்சிட்டார். நான் எண்ணவில்லை, காதில் விழுந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

எழும்பிப் பார்க்க மனுசனைக் காணவில்லை. காரும் இல்லை. ஞாயிறு பாடம் இல்லையே? விழுந்து கிழுந்து போனாரோ? நெஞ்சிடி கிடி? நாலு தரம் போன் அடித்தும் எடுக்கவில்லை. கடைசியில் தாரகாவுக்கு எடுத்தேன்.

"அப்பா என்னோடதான் அம்மா. கலியாணச் சாப்பாட்டுக்கு ஹோல் பார்க்க வந்தனாங்கள். பார்க்கிங் போதாதாம், மனேச்சரோட சண்டை பிடிக்கிறார்."

"எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே!"

"அப்பாதான் வேண்டாம் எண்டவர். அம்மாவுக்குச் சொன்னால் பத்து நிமிசத்தில செவன் கிங்ஸுக்குத் தெரியுமாம்."

பின்னால் அவருடைய குரல் கேட்டது. "பிள்ளை, போனை வை. இஞ்சை வந்து இந்தாளுக்கு விளங்கப்படுத்து."

வைத்துவிட்டாள்.

ஒரு கோப்பைத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு ஜன்னலடியில் இருந்தேன். பெனிற்றா இரண்டு தரம் அடித்தாள். எடுக்கவில்லை.