மலையை அமுக்கினேன்

செவ்வாய்க்கிழமை.

பாய்லர் வெப்பத்தின் சார்ட்டை மேனேஜரிடம் காட்டினேன். கோடு ஒரு வாரமாக ஏறிக்கொண்டே போகிறது.

"இன்னாம்மா, மலை மாதிரி நிக்குது? நாளைக்கு ஆடிட். கொஞ்சம் அமுக்கி வை."

எண் எதையும் மாற்றச் சொல்லவில்லை. அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். எக்செலில் சார்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் கீயைப் பிடித்தபடி கீழ் அம்புக்குறியைத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் உயரம் கொஞ்சம் குறைந்தது. பிறகு ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மவுசால் அகலத்தை இழுத்தேன். கட்டத்தின் ஓரத்தில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. மலை இருந்த இடத்தில் தட்டையாக ஒரு கோடு. தேர்வாய் கண்டிகை ஃபேக்டரிக்கு வந்த இந்த மூன்று வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு சார்ட் போட்டதில்லை.

சாயங்காலம் பாய்லர் ஆபரேட்டர் குமார் அண்ணன் வந்தார். பிரிண்டை எடுத்துப் பார்த்தார்.

"அப்பாடா, சூடு ஏறல. ரெண்டு நாளா சத்தம் வேற மாதிரி கீதேன்னு பேஜாராயிக்கினு இருந்தேன் தங்கச்சி. என் காதுதான் சரியில்ல போல."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாளைக் காலை ஷிப்ட் அவருக்குத்தான். போனில் அவர் நம்பரை மூன்று தடவை எடுத்துவிட்டேன், இன்னும் கூப்பிடவில்லை. அண்ணனின் காதில் ஒரு கோளாறும் இல்லை.