ஆறு ஏறாத மேட்டில் ஒரு நகல்

இந்தச் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் இன்னும் உன் வீட்டு மீன்குழம்பு வாசம் வருகிறது. துவைத்தும் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் சோப்பைக் குறைத்துப் போட்டேனோ என்னவோ. இப்போது நம் கடையின் ஹார்ட் டிஸ்க்கை இதில் வைத்துச் சாயங்கால பஸ்ஸில் கொண்டுபோவது நான்தான்.

திருவட்டாற்றில், ஆற்றை ஒட்டி, பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற கடை. எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்றைக்கு என்ன போக வேண்டும் என்பதெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் கிடந்தது. அது போனால் என்ன கதி என்று உன்னைத் தவிர எவரும் யோசித்ததில்லை. தினமும் நகலெடுத்து, இந்தப் பையில் வைத்துக் குலசேகரத்தில் உன் வீட்டுக்குக் கொண்டுபோவாய். ஆறு அவ்வளவு மேடு ஏறாது என்பாய். மாதம் ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஆறு வந்தாச்சு என்று எங்களை விரட்டி, பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரச் சொல்வாய். நான் முனகுவேன்.

"நகல் எடுக்கது பெரிசில்ல ஏட்டி, எடுத்தது திரும்பி வருதான்னு பாக்கணும், கேட்டியா?" என்பாய்.

முதலாளிக்கு இது ஆகாது. நல்ல காரியத்துக்குச் சாமான் போகிற கடையில் அழிவுக்குத் திட்டமா என்பார். ஆனாலும் உன் நச்சரிப்புத் தாங்காமல், நீ எழுதிய அவசரகாலத் திட்டத்தைச் சுவரில் ஒட்டவிட்டார், ஒரு வரியைத் தவிர. நீ இல்லாவிட்டால் நகலெடுப்பது யார் என்ற வரி. "அத மட்டும் எழுதாத மக்கா, அபசகுனம்" என்றார். நாங்களும் ஆமாம் போட்டோம். கரண்ட் போனால், கம்ப்யூட்டர் கெட்டால், ஆறு வந்தால் என்று எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. நீ போனால் என்பதற்கு மட்டும் இல்லை.

காய்ச்சல் என்று லீவு சொன்னவள் திரும்பவே இல்லை. உன் வீட்டு முற்றத்துக்குப் பந்தலும் நாற்காலியும் நம் கடையிலிருந்தே போயின. கம்ப்யூட்டரில் அதைப் பதிந்தது நான். நகலெடுக்கும் நினைப்பு யாருக்கும் வரவில்லை. மழை விடாமல் கொட்டி, கொஞ்ச நாளில் ஆறு கடைக்குள் நுழைந்தது. கம்ப்யூட்டர் சேற்றில் கிடந்தது.

முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டன. எந்த வீட்டில் பந்தல் இல்லாமல் மாப்பிள்ளை வந்து நிற்கப்போகிறாரோ என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா பையைக் கொண்டுவந்து தந்தார்.

"ஆரும் தொடப்பிடாதுன்னு சொல்லியிருந்தா மக்கா. நான் தொடல்ல."

பழைய லேப்டாப்பும் உன் வீட்டில்தான் இருந்தது. அதில் நீ பழக்கியபடியே செய்தேன். எல்லாம் திரும்பி வந்தது, நீ கடைசியாக வேலைக்கு வந்த சாயங்காலம் வரை. அதற்குப் பிறகு பதிந்தவை மட்டும் இல்லை. அந்த நாட்களில் முன்பதிவு செய்தவர்களைத் தேடி விசாரித்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒரு கல்யாணமும் நிற்கவில்லை.

சுவரில் புதுத் திட்டம் ஒட்டியிருக்கிறோம். நான் வராவிட்டால் யார் என்று அதில் எழுதியிருக்கிறது. முதலாளியே பசை தடவித் தந்தார்.

விட்டுப்போனது எல்லாம் ஏற்றியாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். உன் வீட்டுக்குப் போன பந்தலை மட்டும் நான் ஏற்றவில்லை. அது ஆற்றோடு போனதாகவே இருக்கட்டும்.