மேல் லயத்து வாசலில் குடை உதறும் சத்தம்

குடையும் கதையுமாக மேல் லயத்துக்கு ஏறிப்போன என் கிரேஸ் சித்திக்கு,

நலமா என்று கேட்கத்தான் கை வருகிறது. எங்கே இருக்கிறீர்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் கேட்டிருப்பேன். வருகிற ஞாயிறு நம் கோயிலில் உங்கள் நினைவு ஆராதனை. நான்தான் வாசிக்க வேண்டுமாம். நாலு நல்ல வார்த்தை எழுதிவா என்றார் போதகர். என்னிடம் இருப்பது நல்ல வார்த்தை இல்லை சித்தி, உங்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு இருக்கட்டும்.

அம்மா சுகம். இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். கம்பி முறிந்ததைச் சணலால் கட்டிவைத்தீர்களே, அந்தக் கறுப்புக் குடையைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி அடுப்படி ஆணியில் மாட்டியிருக்கிறார். எத்தனை மழை பெய்தாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. நான் பசறை டவுனுக்கு அதே பஸ்ஸில் போய்ப் படிக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வர என் வகுப்புக்காரி பவானிதான் இல்லை.

நீங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் என்ன செய்தீர்கள் என்று கோயிலில் பலருக்குத் தெரியாது. துண்டுப் பிரசுரம் கொடுத்தீர்கள், ஜெபம் செய்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கதை சொன்னீர்கள். ஞாயிறு பின்நேரம் பவானியின் அம்மா சிவகாமிப் பெரியம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில் நாலைந்து பெண்கள் கூடுவார்கள். எல்லோரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். நம் சாமியைக் கும்பிட வாருங்கள் என்று நீங்கள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கதையைக் கேளுங்க, கேட்டுட்டு என்ன தோணுதோ அதைச் செய்ங்க என்பீர்கள்.

வாசலில் நின்று குடையை இரண்டு தரம் உதறுவீர்கள். அந்தச் சத்தத்துக்கே உள்ளே தேத்தண்ணீர் ஊற்றுவார்கள். பெத்லகேமில் தொடங்கி வாரம் ஒரு துண்டாகச் சொல்லி, நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துவிடுவீர்கள். அது உங்கள் சாமர்த்தியம்.

இயேசுவை அடக்கம்பண்ணிய கதையைச் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். சிவகாமிப் பெரியம்மாவுக்குக் கோபம்.

"எங்க முனியாண்டின்னா ஆணி அடிக்க வந்தவன் கைய வெட்டிப் போட்டிருப்பாரு. ஒங்க சாமி ஏன்டி சும்மா இருந்தாரு?"

"மூணாம் நாள் எந்திரிப்பேன்னு முன்னாடியே சொல்லியிருக்காருக்கா. இப்ப கல்ல வச்சு மூடிட்டாங்க. எந்திரிச்சாரா இல்லையான்னு அடுத்த கெழம பாப்போம்."

"போடி கள்ளி. இப்பவே சொல்லிட்டுப் போ."

நீங்கள் சிரித்துக்கொண்டே குடையை எடுத்தீர்கள்.

அடுத்த ஞாயிறு மழை விடவில்லை. போகவேண்டாம் என்று அம்மா சொன்னதற்கு, கல்லைப் புரட்டாமல் எப்படி விடுவது என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். பாதை வழுக்கும் என்று பவானி உங்களைக் கூட்டிவர இறங்கியிருக்கிறாள். மலை சரிந்தபோது நீங்கள் இருவரும் பாதை வளைவில்தான் இருந்தீர்கள் என்றார்கள். மேல் லயத்தில் பாதியும் போயிற்று.

உங்களை எடுத்தது மூன்றாம் நாள். பவானியை எடுக்கவே இல்லை. தோண்டத் தோண்ட மேலிருந்து மண் வந்ததால் நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கே உங்கள் அடக்கம். அதில் ஒரு காரியம் நடந்தது. மேல் லயத்துப் பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு, மூடவிடாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழவில்லை. மண் போட்டு எல்லோரும் போன பிறகும் அவர்கள் போகவில்லை. பாசம் என்று நான் நினைத்தேன். பிறகுதான் அம்மாவிடம் ஒருத்தி சொல்லியிருக்கிறார்: "மூணாம் நாளாச்சே. எந்திரிப்பாளோன்னு பாத்துக்கிட்டு நின்னோம்."

அவர்களைக் குறை சொல்ல முடியுமா சித்தி? நற்செய்தியில் அவர்களுக்குக் கிடைத்தது கல்லை வைத்து மூடியது வரைதான். மூன்றாம் நாள் என்ற வாக்கு இருந்தது. அதன் முடிவு இல்லை.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது. மிஞ்சிய பாதி லயத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வேறு இடம் தருவதாகச் சொன்னது இன்னும் வரவில்லை. ஞாயிறு பின்நேரம் பனி இறங்கினால் யாரோ படியேறி வருகிறார்களாம். சிவகாமிப் பெரியம்மாவின் வாசலில் குடையை இரண்டு தரம் உதறும் சத்தம் கேட்கிறதாம். கதவைத் திறந்தால் ஆள் இல்லை. மழை பெய்யாத நாளிலும் படி நனைந்திருக்கிறதாம்.

பெரியம்மா அந்தப் படியில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் வைக்கத் தொடங்கினார். கதவை மூடுவதையே விட்டுவிட்டார். கிரேசு வந்து நிற்கிறாள், பின்னால் பவானியும் நிற்கிறாள், கூச்சப்பட்டு உள்ளே வராமல் இருக்கிறார்கள் என்றார். சாப்பிடுவது குறைந்துவிட்டது. லயத்து ஆட்கள் பயந்து, உடுக்கை அடித்துப் பேயைக் கட்டும் கோடாங்கிக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாளும் குறித்துவிட்டார்கள்.

அதைக் கேட்டதும் பெரியம்மா அம்மாவைத் தேடி வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, தலை வாரவில்லை.

"கதைய முடிக்காம விட்டுட்டுப் போனதுக்குத்தான் அவ வாறா. அவளக் கட்டிப்புட்டா எம் புள்ளையையும் சேத்துல்ல கட்டிப்புடுவாங்க? மிச்சக் கதை ஒங்களுக்குத் தெரியுமில்ல. யாராச்சும் வந்து சொல்லுங்க."

நம் சபையில் செத்தவர்கள் அலைவதில்லை என்பார்கள். போதகரிடம் கேட்டேன். அது அவர்களுடைய மனப்பயம், ஜெபித்துக்கொள் என்றார். அம்மாவுக்கு வேறு பயம். "பொணம் கெடைக்காதவகிட்ட போயி கல்லறை காலியாக் கெடந்துச்சுன்னு சொல்லப் போறியா? அவ மம்பட்டிய எடுத்துக்கிட்டு அந்த மண்ணுக்குப் போயிருவா, சாரா." அந்த மண் இன்னும் இளகித்தான் கிடக்கிறது. எனக்கும் அதே பயம்தான். சொல்லாவிட்டால் அவர் வாசலிலேயே காய்ந்துபோவார். சொன்னால் தோண்டப் போய்விடுவார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் சித்தி?

நான் உங்கள் குடையை ஆணியிலிருந்து எடுத்தேன். அம்மா பார்த்தார், தடுக்கவில்லை.

அந்த ஞாயிறு பின்நேரம் மழை இல்லை. சரிவைத் தாண்டும்போது பனி வந்து மூடியது. என் காலடிக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்டது. நின்றேன். அதுவும் நின்றது. மலையில் சத்தம் திரும்பும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன். பெரியம்மாவின் வாசலில் குடையைச் சாத்தினேன். உதறவில்லை, அது காய்ந்துதான் இருந்தது.

பழைய பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நீங்கள் உட்காரும் பலகையை எனக்குக் காட்டினார்கள். விடியும் முன்னே சில பெண்கள் வாசனைத் திரவியம் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள் என்று தொடங்கினேன். கல்லை யார் புரட்டுவார் என்று அவர்கள் பேசிக்கொண்டு போன இடத்தில், வெளியே குடை உதறும் சத்தம் கேட்டது. இரண்டு தரம்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னேன். கல் புரண்டு கிடந்தது, உள்ளே உடம்பு இல்லை.

சிவகாமிப் பெரியம்மா மெதுவாகக் கேட்டார். "ஒடம்பே இல்லையா?"

"இல்ல பெரியம்மா. அதுல ஒரு பொம்பள மட்டும் அங்கயே நின்னு அழுதுக்கிட்டிருந்துச்சு. எங்க கொண்டுபோய் வச்சாங்கன்னு தெரியலையேன்னு, வாற போற ஆளுகிட்டயெல்லாம் கேட்டுச்சு."

"என்னிய மாதிரியே," என்றார். பிறகு, "ஒங்க வேதத்துல எங்க மாதிரிப் பொம்பளயும் இருக்காளா?"

அதற்குப் பிறகு அவரிடம் எதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தோட்டக்காரன் என்று நினைத்து ஒருவரிடம் அவள் கேட்டதையும், அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதையும், அந்தக் குரலில் அவள் கண்டுகொண்டதையும் சொன்னேன்.

"அப்ப பவானி வருவாளா?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டு போனேன். வருவாள் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"இந்தப் படியேறி வரமாட்டா பெரியம்மா. தோண்டுனாலும் நம்ம கையில கெடைக்க மாட்டா. ஆனா அவளயும் அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. அவளுக்குக் கேக்கும். சித்தி அத நம்புனாங்க. நானும் நம்புறேன்."

பெரியம்மா எழுந்து வாசலுக்குப் போனார். மலை சரிந்த நாளிலிருந்து அவர் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம், கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ற பயத்தில். பனியைப் பார்த்து, "பவானி," என்றார். அதட்டுகிற மாதிரி இல்லை, பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற மாதிரி. "நீ போ தாயி. அவர் கூப்புட்டா போ. கிரேசு, நீயும் போடி. கதை முடிஞ்சிருச்சு."

படியில் யாரோ இறங்கிப் போனார்கள். ஒருவரா, இருவரா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா கதவை மூடிவிட்டு, கோடாங்கியை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் புறப்படும்போது குடையை எடுத்தேன். மழை பெய்யவில்லை சித்தி. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பனி என்பார் போதகர். பனியாகவே இருக்கட்டும்.

அதன் பிறகு அந்த வாசலில் சத்தம் இல்லை. ஆனால் நேற்று கொழுந்து நிறுக்கிற இடத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி அம்மாவிடம் கேட்டிருக்கிறார். உங்கள் பேர்கூட அவருக்குத் தெரியாது. "ஞாயித்துக்கெழம எங்க வாசல்ல வந்து குடைய ஒதறிட்டு நிக்கிறது யாருங்க? கதவத் தொறந்தா ஆளக் காணோம்."

அந்த லயத்துக்கும் ஒருநாள் போகவேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், இல்லையா?

சரி சித்தி. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டுகிறேன். நீங்கள் முந்திப் போய் நில்லுங்கள். வாசல் வரைக்கும் உங்கள் வேலை. உள்ளே போய்ச் சொல்வது இனி என் வேலை. நல்ல இடத்தில் நிறுத்துகிற சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். எந்த வீட்டிலும் கல்லைப் புரட்டாமல் விட்டுவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வரும்,
உங்கள் அக்கா மகள்
சாரா