மருதையாறு முன்பு போன வழி

அரியலூர்
புரட்டாசி 25

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். அங்கே பனி தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே.

கனடாவில் பழைய ஆற்று வரைபடங்களை அடுக்கும் வேலைக்கிடையே நம் மருதையாற்றின் நூறு வருடத்துக்கு முந்தைய படத்தையும் தேடி அனுப்பினாயே, அதைப் பெரம்பலூரில் பெரிதாக அச்செடுத்து, இப்போதைய சர்வே படத்தை மெல்லிய தாளில் நகலெடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். கோயிலும் ஏரிக்கரையும் அப்படியே பொருந்தின. ஆறு பொருந்தவில்லை. அன்று அது நம் தெரு வழியாகத்தான் போயிருக்கிறது. அப்பா சாவதற்கு முன் வாங்கிய ஒரே மனை ஆற்றின் நடுவில் இருக்கிறது பிரியா. கடைக்கால் தோண்டியபோது மூன்றடியில் வெள்ளை மணல் வந்தது என்று போனில் சொன்னேனே, இந்தக் கரிசல் பூமியில் மணல் ஏது என்று நானும் கேட்கவில்லை, கட்டுவதற்கு மணல் வாங்க வேண்டாம் என்று கொத்தனாருக்கு வெற்றிலை பாக்கு வைத்தேன். தெருவில் பதினொரு வீட்டிலும் இப்படித்தான் சந்தோஷப்பட்டு அந்த மணலிலேயே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தலைமுறைகளாக அடுத்தவர் வயலில் உழைத்த நமக்கு முதன்முதலாக மனை விற்றவர், எதை விற்கிறோம் என்று தெரிந்துதான் விற்றிருப்பார்.

இதை வைத்து மனு கொடுக்கலாமா என்று உன் சித்தப்பா வேல்முருகனிடம் கேட்டேன். "அண்ணி, எப்பவோ போன ஆத்துக்கு இப்ப எதுக்கு வழி காட்டுறீங்க? ஆறுன்னு எழுதிக் குடுத்தா புறம்போக்குன்னு பட்டாவப் புடுங்கிடுவாங்க" என்றார். பக்கத்து மனையில் வீடு கட்டியிருக்கும் காத்தாயி அக்கா, "அதான் எங்க வூட்டு போர்ல தண்ணி வத்தல, ஆத்துமேல படுத்திருக்க நாமளும் பெருமாள்தான்டி" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, போன மழையில் ஆறு நம் பக்கக் கரையை எவ்வளவு அறுத்தது என்று கையை விரித்துக் காட்டினார்.

மூன்று நாள் யோசித்தேன். பட்டா போனால் வழக்குப் போடலாம், ஆறு பழைய வழிக்கே திரும்பித் தண்ணீர் வந்தால் யாரிடம் போவது? பழைய படத்தையும் இணைத்து, கரையை உயர்த்திக் கட்டித் தரச் சொல்லி மனு எழுதிவிட்டேன். நம் மனை எண்ணை மட்டும் போட்டேன், மற்றவர்களுடையதைப் போட எனக்கு உரிமையில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும். அப்பாவின் மனை கையைவிட்டுப் போகலாம், மனதைத் தேற்றிக்கொள். இந்தக் கடிதத்தை இன்றே போனில் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அந்தப் படம் எந்த வருடத்துச் சர்வே, மூலப்படம் எங்கே இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்பு, மறந்துவிடாதே. சித்தப்பா கோபப்பட்டால் அம்மா கேட்டுத்தான் அனுப்பினேன் என்று சொல்.

நீ எங்கே குடியிருந்தாலும் அது மேட்டு நிலமாக இருக்கட்டும், நோய் நொடியில்லாமல் இரு.

உன் அம்மா,
மஞ்சு

இதை எழுதி முடிக்கும்போது காத்தாயி அக்கா வந்து, "எங்க நம்பரையும் போட்டுரு மஞ்சு, தண்ணி வந்தா ஒன் மனையோட நின்னுருமா?" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.