ஒற்றைக் கண்ணுக்குத் தெரிந்த பள்ளம்

ஏப்ரல் 11

தண்ணீர் மறுபடியும் கோப்பைக்கு வெளியே. மேசைத் துணி நனைந்தது. வலது கண்ணுக்குப் பார்வை இனித் திரும்பாது என்று மாந்தோவா நகரத்து மருத்துவர் சொல்லி ஒரு மாதம் ஆகப்போகிறது. இடது கண் நன்றாக இருக்கிறதாம். இருக்கிறதுதான். ஆனால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதற்குத் தனியாகச் சொல்லத் தெரியவில்லை.

மே 3

ஃபௌஸ்தா வீட்டு முற்றத்தில் ஒத்திகை. இத்தனை வருடமும் எங்கள் தரை ஓவியங்களுக்கு நான் கோடு போடுவேன், அவள் வண்ணம் தீட்டுவாள். தட்டைக் கல்லில் கிணறு, படிக்கட்டு, பாதாளம் — கோடு சரியாக விழுந்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்குத் தரை உள்ளே இறங்கும். இன்று சுண்ணக்கட்டி நான் நினைத்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளியே பட்டது. அழித்தேன். மறுபடி அழித்தேன்.

“விடுடி ஒர்னெல்லா. கோட்டை நான் போன் கேமராவுல பாத்துப் போட்டுக்கறேன். நீ கலர் போடு.”

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எரிந்தது.

மே 4

போகட்டும், கலரே போடுகிறேன். — இல்ல. மனசு ஆற மாட்டேங்குது.

ஜூன் 15

ஃபௌஸ்தாவோடு கிரெமோனா பக்கம் ஓர் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். வீதியில் யாரோ ஒரு சுரங்கம் வரைந்திருந்தார்கள். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதற்குத் தரையில் இரண்டு பாதங்கள். போய் நின்றேன். நிஜப் பள்ளம்! இத்தனை வருடத்தில் நான் வரைந்த எதுவும் என்னை இப்படிப் பயமுறுத்தியதில்லை. சுற்றிலும் வேறு யாரும் மிரளவில்லை. எல்லோரும் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஃபௌஸ்தா, உனக்குப் பள்ளமாத் தெரியுதா?”

“நல்லா வரைஞ்சிருக்கான். போன்ல பாத்தா பள்ளந்தான்.”

“போனை உள்ள வை. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாரு.”

சிரித்துக்கொண்டே பொத்தினாள். “அட பாவி!” என்று என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது.

ஜூன் 16

காலையிலிருந்து இதே யோசனை. இரண்டு கண் இருந்தால் அவை கலந்து பேசி, ‘இது வெறும் தரை’ என்று முடிவு கட்டிவிடுகின்றனவோ? ஒற்றைக் கண்ணுக்குப் பேச்சுத்துணை இல்லை. நம்பிவிடுகிறது. தலையை ஆட்டினால் மட்டும் குட்டு உடைகிறது. போனுக்கும் ஒற்றைக் கண்தானே! அப்படியானால் கோடு சரியா என்று பார்க்க போன் எதற்கு? நான் இருக்கிறேனே?

ஜூலை 2

ஃபௌஸ்தாவிடம் சொன்னேன். சண்டை.

“கோடு தப்பா விழுந்தா செப்டம்பர் போட்டியில மானம் போயிடும். குவால்தியேரோ இந்த வருஷம் சதுக்கத்து நடுவுலயே இடம் குடுத்திருக்கார்.” குவால்தியேரோ எங்கள் கறிக்கடைக்காரர். எங்கள் ஊர்த் தரை ஓவிய விழாக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

“நான் வரையலடி. நின்னு பாத்து சொல்றேன். கை உன்னோடது.”

“அங்க போ, இங்க வான்னு விரட்டறதுக்கு நான் என்ன உன் ஆட்டுக்குட்டியா?”

கதவை அறைந்துவிட்டு வந்தேன். வாசற்படி தடுக்கிற்று. நல்லவேளை, அவள் பார்க்கவில்லை.

ஜூலை 9

அவளும் வரவில்லை. நானும் போகவில்லை.

ஜூலை 20

வாசலில் ஃபௌஸ்தா. கையில் நீளக் கழி, நுனியில் சுண்ணக்கட்டி. “ஒரே ஒரு தடவை. சரியா வரலைன்னா போன்தான்.”

முற்றத்தில் ஆடாமல் நின்றேன். “இடது பக்கம். இன்னும். நில்லு. இப்ப என்னைப் பாத்து இழு.” ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். முடிந்ததும் என்னைத் தள்ளிவிட்டு என் இடத்தில் நின்றாள். கண்ணைப் பொத்தினாள்.

“அந்த மூலை கோணல்.”

“அங்க நீ கையை ஆட்டினே.”

“ஆட்டினேன்,” என்றாள்.

செப்டம்பர் 7

முடிந்தது. உடம்பெல்லாம் வலி. சதுக்கத்துக்கு அடியில் ஒரு சமையலறை: மாவு படிந்த மேசை, பிளந்த பூசணி, கொதிக்கும் பானை. ‘ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்’ என்று ஓர் அட்டை. குவால்தியேரோ மலை மாதிரி வந்து நின்று கண்ணை மூடினார். ஓரடி பின்வாங்கினார்.

“கீழ யாரு சமைக்கறது?” என்று கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டார். எதிர்ப்பக்கம் நின்ற எங்களிடம் வர ஓவியத்தின் ஓரமாக ஒரு கல் அகலத்துக்கு வழி இருந்தது. அவர் சதுக்கத்தையே சுற்றி வந்தார். “தரைன்னு தெரியுது. கால் கேக்கல.”

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு தேவதை ஓவியத்துக்கு. ஃபௌஸ்தா தேவதையைத் திட்டிக்கொண்டே வீடுவரை வந்தாள்.

அக்டோபர் 19

வசந்தத்தில் வரைய பெர்காமோ பக்கத்திலிருந்து அழைப்பு. என் சமையலறையில் நின்றபடி ஃபௌஸ்தாதான் போனில் பேசினாள்.

“ரெண்டு பேர் வர்றோம். ஒருத்தி நிப்பா, ஒருத்தி வரைவா… ஆமாங்க, சும்மாதான் நிப்பா. நிக்கறவளுக்கு ஒரு குடை வேணும். பெருசா. கண்ணுல வெயில் படக் கூடாது… வரையறவளா? அவ எப்படியோ கிடப்பா.”