கை பொறுக்கும் சூடு

மச்சான்,

இன்று காலை எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்ததும் சூடேறிய ரப்பர் வாசம் முகத்தில் அடித்தது. புதிதாக மாட்டிய தண்ணீர்க் குழாய் முதல் நாள் அப்படித்தான் மணக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குழாயின் கிளிப்புகளை மறுபடி இறுக்கினேன். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகிற சனம் ஏறி இருந்துவிட்டது. முன் பலகையில் என் தங்கை, உன் மனைவி, பையை மடியில் வைத்தபடி இருந்தாள். நீ போன பிறகு அவள் எங்கள் படகில் கால் வைத்தது இன்றுதான். சூட்டுமானியின் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஆனாலும் கயிற்றை அவிழ்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நீ முள்ளை நம்பாத ஆள். இந்தப் படகை நாமிருவரும் சேர்ந்து வாங்கியபோது எஞ்சினில் தெர்மோஸ்ரற் இல்லை. முந்திய சொந்தக்காரர் கழற்றி எறிந்திருந்தார். எங்கள் கரையில் பாதிப் பேர் செய்கிற வேலைதான் அது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்து வைத்து, சூடானதும் திறந்துவிடுகிற சின்ன வால்வுதான் தெர்மோஸ்ரற். தண்ணீரை மறிக்கிற சாமான் எஞ்சினுக்கு எப்படி நன்மை செய்யும் என்று கேட்பார்கள். "உது குளிர் நாட்டுக்காரன் தன்ரை குளிருக்குச் செய்த சாமான். எங்கடை வெயிலுக்கு என்னத்துக்கு?" என்று நீயும் கேட்டாய்.

எஞ்சினோ எந்நேரமும் குளிர்ந்தே ஓடி, டீசலைக் குடித்து, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டிருந்தது. பொறுக்க மாட்டாமல் யாழ்ப்பாணம் போய் ஒன்று வாங்கி வந்து பூட்டினேன். புகை நின்றது. நீ ஒப்புக்கொண்டாயா? ஒவ்வொரு பயணத்திலும் குனிந்து எஞ்சின் தலையில் உள்ளங்கையை வைப்பாய். சுட்டதும் உதறிக்கொண்டு என்னை முறைப்பாய். "கை பொறுக்காத சூடு எஞ்சினுக்கும் பொறுக்காது." சரியான சூட்டில் ஓடுகிற எஞ்சினில் எவனும் கை வைக்க ஏலாதடா என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். பிறகு என் சாமானை வேவு பார்க்கவென்றே தண்ணீர் ஓடுகிற மேல் குழாயையும் அமத்திப் பார்க்கத் தொடங்கினாய். எரிச்சல் எரிச்சலாக வரும் எனக்கு.

அந்தக் கல்யாணப் பயணம் நினைவிருக்கிறதா? சோளகக் காற்று பேயாக வீசிய நாள். மாப்பிள்ளை வீட்டார் படகு நிறைய இருந்தார்கள். பாதி வழியில் முள் மெல்ல ஏறியது. நான் வேகத்தைக் குறைத்தேன். சற்று நேரத்தில் முள் இறங்கி, வழமைக்கும் கீழே போனது. "இறங்கீட்டுது" என்று நான் மூச்சு விட்டபோது நீ குழாயில் கை வைத்தாய். உன் முகம் மாறியது.

"குழாய் வெறுமையாக் கிடக்கு. முள் பொய் சொல்லுது."

கீழ்க்குழாயின் கிளிப் கழன்று, தண்ணீர் முழுவதும் படகடியில் கொட்டிப்போயிருந்தது. அளக்கத் தண்ணீரே இல்லாத இடத்தில் முள் எதைக் காட்டும்? எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருந்தது. நான் அதை நிறுத்தப் பாய்ந்தேன். நீ தடுத்து, "முதல் நங்கூரத்தைப் போடு, பிறகு நிப்பாட்டு" என்றாய். காற்று எங்களைத் தள்ளிய பக்கத்தில் முருகைக்கல் பார், படகைக் கிழிக்கிற பாறைத்திட்டு, இருந்தது. அலை அதில் உடைந்து வெள்ளையாகச் சிதறுவது எல்லோருக்கும் தெரிந்தது.

எஞ்சின் நின்றதும் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். குழாயை இழுத்து மாட்டி, ரப்பர்ப் பட்டியால் வரிந்து கட்டினாய். குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களைச் சனம் கைக்குக் கை தந்தது. நான் ஒன்றைத் திறந்து ஊற்றப் போக, நீ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"கொதிக்கிற எஞ்சினுக்குப் பச்சைத்தண்ணி ஊத்தினால் தலை வெடிச்சிடும். பொறு."

"நங்கூரம் இழுபடுதடா!"

"தெரியும். பொறு."

மாப்பிள்ளையின் தாய், "தம்பி, எங்களைக் கரை சேர்ப்பியளோ?" என்று கேட்டார். "ஓம் அம்மா. எஞ்சின் கொஞ்சம் களைச்சுப் போச்சு, ஆறட்டும்" என்றாய், ஏதோ தேத்தண்ணி ஆறுவதைப் போல. எஞ்சின் தலையில் உள்ளங்கையை வைத்தாய், உதறினாய். மறுபடி வைத்தாய், உதறினாய். பாரில் அலை உடைகிற சத்தம் இப்போது கேட்டது. உன்னைத் தள்ளிவிட்டு ஊற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு பயம். உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்தக் கை எடுபடாமல் எஞ்சின்மேல் தங்கியது.

"இப்ப ஊத்து. மெல்ல மெல்ல."

எஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. நங்கூரத்தை மேலே இழுத்து எடுத்துக்கொண்டு பாரை விட்டு விலகினோம். முள் மெதுவாக ஏறித் தன் இடத்தில் வந்து நின்றது, அசையவில்லை. நீ அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உன்ரை சாமானும் வேலை செய்யுதுதான்" என்றாய். உன் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, நீ கவனிக்கவில்லை.

நீ முற்றத்தில் விழுந்த அன்று தங்கை கத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் வந்து உன் நெஞ்சில் கை வைத்தேன். பிறகு உன் உள்ளங்கையைப் பிடித்தேன், சூட்டுக்குக் காய்த்துப்போன கை. "அண்ணை, சூடிருக்குதானே? சொல்லுங்கோ, சூடிருக்குதானே?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் உன் கையை என் இரு கையாலும் பொத்திப் பிடித்திருந்தேன், அது ஆறிக்கொண்டே வந்தது. இன்றுவரை அவளும் நானும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

இன்று காலை குழாயை அமத்திப் பார்த்தேன், நிறைந்திருந்தது. எஞ்சின் தலையில் கையை வைத்தேன். சுட்டது. உதறிவிட்டு மறுபடியும் வைத்தேன். தங்கை முன் பலகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முள் சரியாத்தானே நிக்குது, அண்ணை? பிறகு என்னத்துக்குக் கையைச் சுடுறியள்?"

"நான் நம்புறன். உன்ரை மனிசன் நம்புறானில்லை" என்றேன்.

சொன்ன பிறகுதான் ஐயோ என்றிருந்தது. அவள் பையைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் பக்கத்தில் குனிந்து, நீ வைக்கிற அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டதும் உன்னைப் போலவே உதறினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"ஓம் அண்ணை, சூடிருக்கு" என்றாள்.

நான் கயிற்றை அவிழ்த்தேன்.