இடப்பக்கத்து நாற்காலி

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா? குளிரில் தலையை மூடாமல் வெளியே கிளம்பாதே.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் வாயைத் திறந்தால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான். அம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டா என்று அவர் உன்னிடம் போனில் அழுததை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் எங்கும் போகவில்லை. அவர் கட்டிலுக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதையும் எழுதுகிறேன்.

டாக்டர் உனக்கும் விளக்கினாரே. கண்ணில் கோளாறு இல்லை. மூளையில் ரத்தம் அடைத்ததில் இடது கால் விழுந்தது மட்டுமல்ல, இடப்பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. தட்டில் வலது பாதியைக் காலி பண்ணிவிட்டு இன்னும் போடு என்கிறார். பாதி முகத்துக்குத்தான் சவரம். தன் தையல் கடையிலிருந்து துணி வரவழைத்துச் சட்டை வெட்டினார், அதற்கு வலது கை மட்டும் வைத்து. எத்தனை பேருக்கு அளவெடுத்த மனுஷன்! இன்னொரு கை எங்கே என்று கேட்ட கடை ஆளுக்குக் கிடைத்த திட்டு இருக்கிறதே! அந்த நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் என்னை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னாள். இங்கிருந்து ஓயாமல் கூப்பிட வேண்டும், திரும்பித் திரும்பிப் பார்த்து மூளை பழகும், முதல் சில மாதங்களை விட்டால் பிறகு கஷ்டம் என்றாள். தொண்டை வற்றக் கூப்பிட்டேன். சனியனே, எங்கே நின்னு கத்துறே என்று தொடங்கி, நீ கேட்டு வளர்ந்ததெல்லாம் வந்தது. ஒருநாள் அலுத்துப்போய்ச் சும்மா இருந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் என்னைத் தேடினார். என் தங்கமே எங்கே போனே, உன்னைக் கைநீட்டி அடிச்சதுக்கெல்லாம் மன்னிச்சுடு, வந்துடு என்று விசும்பினார். இத்தனை வருஷத்தில் நான் கேட்காத வார்த்தை. மனசு கரைந்துவிட்டது. எழுந்து வலப்பக்கம் போய், இதோ இருக்கேன் என்றேன். எங்கேடி போய்த் தொலைஞ்சே என்று டம்ளரை வீசினார். நெற்றியில் தையல். பதறாதே, ஆறிவிட்டது.

திரும்ப என் நாற்காலிக்கே வந்துவிட்டேன். இப்போது தினமும் அழுகிறார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாவமாக இல்லையா என்பாய். இல்லையடி. நன்றாக இருக்கிறது. பயிற்சிப் பெண்ணை நிறுத்திவிட்டேன். காலையும் மாலையும் வந்து அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு வைக்கிற ஆளும், நான் கேட்டுக்கொண்டபடி, நான் வீட்டில் இல்லை என்றே அவரிடம் சொல்கிறார்.

நீ லீவு போட்டு வருவதாக அவரிடம் சொன்னாய். வா. வலப்பக்கம் உட்கார்ந்து ஆசைதீரப் பேசு. கட்டிலை மட்டும் திருப்பிப் போட்டு என் நாற்காலியை அவர் வலப்பக்கம் ஆக்கிவிடாதே தாயே, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பயிற்சிப் பெண் சொன்ன அந்த மாதங்கள் கழியட்டும்.

நீயும் உன் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துப் பேசி, நல்லபடியாக வாழ வேண்டும்.

நிறுத்துகிறேன். கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கேட்க வேண்டும்.

உன் அம்மா